கணக்குக்கு வைத்த நேர்த்தியைத் திருப்பி வாங்கினேன்

போன வருடம் ஆவணி மாதம். என் மகள் நிதுஷா கணக்குப் பரீட்சையில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். தரம் பதினொன்று, இரண்டாம் தவணை. அடுத்தது ஓ.எல். என்கிற அரசாங்கப் பரீட்சை. தாளில் அவளுடைய பெயரும் சுட்டெண்ணும் இருந்தன. வேறு ஒரு கோடுகூட இல்லை. கணக்குப் படிப்பிக்கிற சேர் என்னைப் பாடசாலைக்குக் கூப்பிட்டு, மற்றத் தாய்மாரும் இருக்கிற இடத்தில் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தப் புள்ளைக்குக் கணக்கு ஏறாது. ஓ.எல்.ல கணக்கு இல்லாட்டி மேல படிக்கிறது கஷ்டம். புள்ளையப் போட்டு வதைக்காம ஏதும் தொழில் பழக விடுங்க" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். யாராவது ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லிவிட்டு வருகிறவள் நான். அன்றைக்கு வாயடைத்துப் போய் எழும்பி வந்தேன். வழியெல்லாம் அந்த வெள்ளைத் தாள்தான் கண்ணுக்குள் நின்றது.

வீட்டுக்கு வந்து பிள்ளையை அடித்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும். சாட்சி சொல்ல வந்தவள் தனக்கு நல்லதை மட்டும் பொறுக்கிச் சொன்னால் அது சாட்சி இல்லை. அகப்பைக் காம்பால் இரண்டு அடி அடித்தேன். அவள் அழவில்லை, தடுக்கவும் இல்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கூட்டியது. அன்று குசினியில் அடுப்பு எரியவில்லை. வாவியில் இருந்து வந்த அவளுடைய அப்பா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார், கொண்டுவந்த மீனைத் தானே வெட்டிக் கழுவினார்.

சடங்கு மலரைக் கையில் எடுத்த அடியார்களே, நான் படித்தவள் இல்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர்ப் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு சமைக்கிறேன். நினைவு தெரிந்த நாள் முதல் எங்கள் ஊர் மாரியம்மன் வாசலில்தான் என் நல்லதும் கெட்டதும் நடந்திருக்கின்றன. அந்தத் தாயோடு நான் சண்டை பிடித்த கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். அவள் எனக்குப் பதில் சொன்னாள். அந்தப் பதில் எனக்கு இனிக்கவில்லை.

நிதுஷாவுக்குக் கணக்கில் பயம் வந்தது மூன்றாம் தரத்தில். ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார்கள். நடுவில் நின்றுவிட்டாள். டீச்சர் அவளை வாங்குப் பலகையின் மேல் ஏற்றிவிட்டு, வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றி நின்று வாய்ப்பாட்டைக் கத்திச் சொல்லச் சொன்னாராம். பிள்ளை பாவாடையை நனைத்துவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். "எனக்கும் அப்படித்தான் மனே. நம்மட பரம்பரைக்கே கணக்கு வராது" என்றேன்.

ஆறுதல் சொன்னதாக நினைத்தேன். நான் ஓ.எல். இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கணக்கில் தவறியவள். கடையில் மிச்சக் காசு பிழைத்தால், பஸ் நேரம் பிழைத்தால், சோற்றுக்கு அரிசி கூடினால், எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்தான். பரம்பரைக்கே வராது. விருந்தாளிகளுக்கு முன்னால் பகிடியாகச் சொல்வேன். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே வளர்ந்தாள்.

அதற்குப் பிறகு கணக்குப் பாடம் இருக்கிற நாளில் வயிற்றுக்குத்து. பரீட்சை நாளில் வாந்தி. நாவூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். நூல் கட்டினேன். எனக்கு விளங்காதது ஒன்றே ஒன்று. வீட்டில் குசினிப் படியில் இருந்து அவள் செய்கிற கணக்கெல்லாம் சரியாக வரும். அதே கணக்கு வகுப்பில் வராது. "அங்க போனா எல்லாம் வெள்ளையாப் போயிருது அம்மா. எங்க தொடங்கிற எண்டே தெரியா" என்பாள். நடிக்கிறாள் என்றார்கள். சோம்பல் என்றார்கள். நானும் சில நாள் அப்படித்தான் நினைத்தேன்.

அதனால்தான் போன வருடம் ஆனி மாதச் சடங்கில் நேர்த்தி வைத்தேன். தீமிதிப்பு நடந்து முடிந்து, சனம் கலையாமல் நிற்கிற நேரம். மஞ்சள் துண்டில் ஒரு குற்றிக் காசை வைத்து முடிந்தேன். பிள்ளையின் கையையும் பிடித்து அந்த முடிச்சின் மேல் வைத்தேன். "தாயே, என்ட புள்ள ஓ.எல்.ல கணக்குப் பாஸ் பண்ணினா, அதுக்குப் பிறகு வாற சடங்குக்கு நான் உன்ட தீக்குழியில இறங்குவன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, முடிச்சைக் கோயில் வேம்பில் கட்டினேன். பெண்கள் குரவை போட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நிதுஷாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, நீரிழிவு. அதற்கு முந்தின வருடம் பாடசாலைக் குசினியில் ஆணி குத்தி வலது காலில் புண் வந்தது. ஐந்து மாதம் ஆறவில்லை. கடைசியில் பெரியாஸ்பத்திரியில் சின்ன விரலை எடுத்தார்கள். அந்த ஐந்து மாதமும் பின்னேரத்தில் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டியது நிதுஷா. டொக்டர் அவளையும் கூட்டி வைத்துக்கொண்டுதான் சொன்னார், "செருப்பில்லாம நடக்கவே கூடாது. இன்னொரு புண் வந்தா விரலோட நிக்காது" என்று. இது எல்லாம் எனக்கு நினைவில்லாமல் இல்லை. அம்மன் இருக்கும்போது காலுக்கு என்ன என்று நினைத்தேன். தீ மிதிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பக்தி அவர்களோடு. நான் என்னைப் பற்றிச் சொல்கிறேன்.

சடங்கு முடிந்து இரண்டு மாதத்தில் அந்த வெறும் தாள். அதுவரை இருபது, இருபத்தைந்து புள்ளியாவது எடுத்த பிள்ளை. நேர்த்தி வைத்த பிறகு ஒன்றுமே இல்லை. என் கோபம் அம்மன் மேல் திரும்பியது.

பிள்ளையை அடித்த மறுநாள் மத்தியானம் கோயிலுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. வெளியில் மணலில் இருந்துகொண்டு பேசினேன். "என்ன குறை வச்சன் உனக்கு? காலைத் தாறன் எண்டன். அதையும் வாங்கிக்கொண்டு புள்ளைட கையைக் கட்டிப் போட்டிருக்கிறாய். ஏன் எண்டு எனக்குக் காட்டு. வாற செவ்வாய்க்குள்ள காட்டு. இல்லாட்டி இந்த வாசலுக்கு நான் வரமாட்டன்." அம்மனுக்குத் தவணை போடலாமா என்று கேட்பீர்கள். நான் போட்டேன். பெற்ற தாயிடம் கேட்காமல் ஆரிடம் போய்க் கேட்பது?

செவ்வாய்க்கிழமை வந்தது. விடிந்ததில் இருந்து காத்திருந்தேன். கனவு வரவில்லை. யாரும் வந்து வாக்குச் சொல்லவில்லை. பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்ததால், வெயிலுக்குப் போட்டிருந்த நிதுஷாவின் மெத்தையைத் தூக்க ஓடினேன். உறைக்குள் கடதாசி கரகரத்தது. இழுத்தால் கொப்பித் தாள்கள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். எல்லாம் கணக்கு.

பக்கத்து வளவில் கம்பஸ் படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கிறது. அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இது இந்தத் தவணைப் பேப்பர்தான் மாமி. கேள்வியெல்லாத்தையும் ஞாபகத்தில வச்சு எழுதியிருக்கிறா. ரெண்டு பிழை. மத்ததெல்லாம் சரி" என்றாள்.

வெறும் தாள் கொடுத்த அதே பேப்பர். அதே பிள்ளை.

நிதுஷா ரியூசன் முடிந்து வந்தாள். தாள்களைக் கதிரையில் வைத்துவிட்டுக் கேட்டேன். அன்றைக்குக் கத்தவில்லை. "இதை ஏன் மனே அங்க எழுதல்ல?"

அவள் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள். "எழுதுவம் எண்டுதான் போனன் அம்மா. முந்திப் பேப்பரைத் திறந்தா டீச்சர் வாங்கில ஏத்தினதுதான் வரும். அதோட மல்லுக்கட்டிக்கொண்டு கொஞ்சமாவது எழுதிருவன். இப்ப பேப்பரைத் திறந்தா உங்கட கால் தெரியிது. தீக்குழி தெரியிது. நான் பாஸ் பண்ணினா நீங்க இறங்குவீங்க. பாஸ் பண்ணாட்டி அம்மன் கோபிக்கும். அதையே நினைச்சு நினைச்சு மணி அடிச்சிட்டு. எண்டைக்குமே எனக்கு எண்ணுறதுக்கு இடமில்ல அம்மா, தலைக்குள்ள."

அப்போதுதான் அழுதாள். அடித்தபோது அழாத பிள்ளை.

செவ்வாய்க்குள் காரணத்தைக் காட்டு என்று அம்மனிடம் கேட்டேன். காட்டிவிட்டாள். காரணம் நான்.

எத்தனை பேர் இதைக் கேட்டு முகத்தைச் சுழிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அம்மன் கனவில் வந்து மஞ்சள் கொடுத்தாள் என்று சொன்னால் தலைக்கு மேல் கை கூப்புவீர்கள். மெத்தை உறைக்குள் இருந்து கடதாசி எடுத்துக் கொடுத்தாள் என்றால் ஏன் கசக்கிறது? எட்டு வருடப் பயம் அது. அதில் டீச்சருக்கு ஒரு பங்கு, சேருக்கு ஒரு பங்கு. பெரும் பங்கு என்னுடையது. பரம்பரைக்கே வராது என்று வாயால் போட்டு வளர்த்தேன். அது போதாதென்று பக்தியையும் எடுத்து அவள் தலையில் வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போனேன். சனம் நிறைய. பூசை முடியும்வரை இருந்தேன். பிறகு எழும்பி, "ஆனிச் சடங்கில நான் வச்ச நேர்த்தியைத் திருப்பி வாங்கப் போறன்" என்றேன்.

முதலில் வாய் திறந்தது என் கணவரின் அக்கா, என் மச்சாள். "என்னகா, உனக்கு விசரா? அம்மனுக்குக் குடுத்த சொல்லை ஆராவது திருப்புவாங்களா? குடும்பத்துக்குக் கூடாது. குற்றம் புடிக்கும்" என்றா. கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கரும், "அவசரப்படாத புள்ள. பாஸ் பண்ணட்டும். பிறகு வேற ஏதாவது பரிகாரம் பாப்பம்" என்றார். நல்ல மனிதர். அவர் சொன்ன வழியில் போனால் பரீட்சை வரைக்கும் பிள்ளையின் தலைக்குள் தீக்குழி எரிந்துகொண்டே இருக்கும். முடியாது என்றேன்.

பூசகரைப் பார்த்தேன். "கட்டினவங்க அவுக்கலாம். எனக்கு அதில கை வைக்க ஏலாது" என்றார். அது போதும் எனக்கு.

வேம்பில் இருபது முப்பது முடிச்சு இருந்தது. என்னுடையதைக் கண்டுபிடித்தேன். வெயிலும் மழையும் பட்டு இறுகிப் போயிருந்தது. நகத்தால் அவிழவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தேன். அம்மனுக்கு நேரே வந்து நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "தாயே, நான் உனக்கு ஒண்டும் தரமாட்டன். காலும் தரமாட்டன், கிடாயும் தரமாட்டன். பேரம் பேசினது என்ட பிழை. நீ தாய் எண்டா சும்மா தா. என்ட புள்ளைட பயத்தை எடு. பாஸைக் கேக்கல்ல. பயத்தை எடு." நிதுஷா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மூன்று இடியப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பயம் மறுநாளே ஓடிப் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயத்தை அம்மன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்தாள். அவளுக்குக் கையுதவியாக நானும் வேலை செய்தேன். முதலில் என் வாயைக் கட்டினேன். பரம்பரைப் பகிடி எங்கள் வீட்டில் நின்றது. மச்சாள் ஒரு நாள் அதைச் சொன்னபோது, "அந்தக் கதை இந்த வளவுக்குள்ள வேணாம் மச்சாள்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அழிறப்பரை எடுத்து ஒளித்தேன். ஒரு கணக்குக்கு நாலு தரம் அழித்து அழித்து அவள் கொப்பியெல்லாம் ஓட்டை. "பிழைச்சா கோட்டைப் போட்டுட்டுக் கீழ எழுது. பிழையும் இருந்திட்டுப் போகட்டும்" என்றேன்.

பிறகு நானும் பக்கத்தில் இருந்து கணக்குச் செய்யத் தொடங்கினேன். பின்னக் கணக்கு ஒன்று தந்தாள். பேனையைப் பிடித்த கை வேர்த்தது. நாற்பத்திமூன்று வயது, பிள்ளை பெற்றவள், சுனாமியில் தப்பினவள், ஒரு பின்னக் கணக்குக்கு நடுங்கிக்கொண்டு இருக்கிறேன். இதைத்தான் என் பிள்ளை எட்டு வயதில் இருந்து தனியே சுமந்தாளா என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு வெடித்தது. நான் பிழை விட்டேன். அவள் சிரித்தாள். "கோட்டைப் போட்டுட்டுக் கீழ எழுதுங்க அம்மா" என்றாள்.

அந்தச் சேரிடமும் போனேன். இந்த முறை என் வாய் என்னோடு வந்தது. "நீங்க படிப்பிக்கிறதுக்குக் கும்புடுறன் சேர். ஆனா என்ட புள்ளைட தாளை இனி நாலு பேருக்கு முன்னால தூக்கிக் காட்டாதீங்க. மெத்தைக்குள்ள எழுதி வச்சதைப் பாருங்க" என்று அந்தத் தாள்களைக் கொடுத்தேன். அவர் வாசித்துப் பார்த்தார். பிறகு, "இனித் தாளைத் தூக்கிக் காட்டமாட்டன். வகுப்பில எழுப்பிக் கேள்வி கேக்கவும் மாட்டன்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதையும் எழுதுகிறேன்.

மார்கழியில் சோதனை வந்தது. எனக்கு உடம்பெல்லாம் கொப்பளம் போட்டது. அம்மாள் வருத்தம், அதாவது அம்மை. காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. சீனியும் ஏறியதால் நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஊரெல்லாம் ஒரே கதை, நேர்த்தியைத் திருப்பினாள், அம்மன் காட்டிவிட்டாள் என்று. மச்சாள் வாசலில் நின்று அழுதா. அவ எங்கள் மேல் இருக்கிற அன்பில்தான் பயந்தா. எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து வேப்பிலைப் படுக்கையில் கிடக்கிறேன். நிதுஷாவுக்குச் சின்னதிலேயே வந்து போனதால் அவள்தான் பக்கத்தில். இளநீரைத் தந்துவிட்டு மெல்லக் கேட்டாள், "அம்மா, நாம போய் அந்த முடிச்சைத் திரும்பக் கட்டுவமா?"

அந்தக் கேள்வியில் எல்லாம் தொங்கியது. நான் ஓம் என்றால் அவள் தலைக்குள் மறுபடியும் நெருப்பு மூளும். உடம்பு முழுவதும் எரிகிறது, எனக்கும் பயம்தான். இருந்தும் எழும்பி இருந்தேன். "கோபமெண்டா வீட்டுக்கு வருவாளா மனே? உன்ட மாமி நம்மளோட கோபிச்சா வாசலை மிதிப்பாவா? கோபக்காரர் வரமாட்டாங்க. அம்மாள் வந்து பதினொரு நாளா என்னோடையே படுத்திரிக்கா. இது கோபமில்ல. கட்டமாட்டன். நீ போய்க் கொப்பியை எடு" என்றேன். நிதுஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போய்க் கொப்பியை எடுத்தாள். நான் சுகமாகி மஞ்சள் தண்ணீர் வார்த்தேன்.

மாரி முடிந்து பரீட்சை வந்தது. கணக்குப் பேப்பர் அன்று காலை அவள் வாந்தி எடுத்தாள். ஆம், எடுத்தாள். கிணற்றடியில் வாயைக் கொப்பளித்து, முகத்தைத் துடைத்து, குசினிக்கு வந்து, "பசிக்கிது" என்றாள். எட்டு வருடத்தில் கணக்கு நாளில் பசிக்கிறது என்று அவள் சொன்னது அன்றைக்குத்தான். பிட்டும் மீன் சொதியும் சாப்பிட்டாள். நான் பாடசாலை வாசலில் ஒரு மர நிழலில் முழு நேரமும் நின்றேன். நேர்த்தி ஒன்றும் வைக்கவில்லை. வாய் வைக்கப் பார்த்தது, அடக்கினேன்.

மணி அடித்து வெளியே வந்தாள். முகம் வெளிறியிருந்தது. கையெல்லாம் மை. "எல்லாம் தெரியல்ல அம்மா. ரெண்டு பெரிய கேள்வி விட்டுட்டன். நடுவில ஒருக்காப் பயம் வந்திச்சு. கோட்டைப் போட்டுட்டுக் கீழ எழுதினன். கடைசி வரைக்கும் இருந்தன்" என்றாள்.

எனக்கு அது போதும். அதைத்தான் கேட்டேன். அதைத்தான் அம்மன் தந்தாள்.

இந்த வருடச் சடங்கு மலருக்கு இதை எழுதித் தருகிறேன் என்று வண்ணக்கரிடம் போனபோது, "ரிசல்ட் வரட்டும் புள்ள, பாஸ் எண்டா வடிவா எழுதலாம்" என்றார். ரிசல்ட் இன்னும் வரவில்லை. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். பாஸ் வந்த பிறகு எழுதினால் அது பாஸுக்குச் சாட்சி. என் தாய்க்குச் சாட்சி இதுதான். தவறியவர்களுக்குப் போடுகிற டபிள்யூ நிதுஷாவின் பேரில் வந்தால், வரட்டும். இன்னொரு முறை எழுதுவாள். எழுதாமல் கொடுத்த தாளைப் பார்த்தவள் நான், எழுதித் தவறிய தாள் எனக்குப் பயமில்லை. அடுத்த முறை வெளி விண்ணப்பதாரியாக நானும் அவளோடு கணக்கு எழுதப் போகிறேன். விண்ணப்பப் பாரத்தை நிரப்பித் தருவதாக மகள் சொல்லிவிட்டாள். பகிடி பண்ணுகிறவர்கள் பண்ணலாம்.

பிள்ளைகளுக்காக முடிச்சுக் கட்டி வைத்திருக்கிற தாய்மாரே, வேம்பில் உங்களுடையது எத்தனை என்று எனக்குத் தெரியும். அம்மனை நம்புங்கள். நம்புவதற்குப் பிள்ளையைப் பிணை வைக்காதீர்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, பேப்பரைத் திறந்தால் என்ன தெரிகிறது என்று ஒரு தரம் கேளுங்கள். பதில் கசக்கும். கேட்டுவிட்டு, நகத்தால் அவிழாவிட்டால் பல்லால் அவிழுங்கள்.

தாயே, நான் கேட்டதை நீ தந்துவிட்டாய். மிச்சத்தை என் பிள்ளை எழுதிக்கொள்வாள்.